மேயர் போட்டுக்கொடுத்த த்ரோபால் கோர்ட்

வேங்கிக்கால் ஊராட்சியாக இருந்தவரை மேயர் என்பவர் எங்களுக்குப் பேப்பரில் வருகிற ஆள். மாநகராட்சியோடு எங்களைச் சேர்த்த பிறகுதான் அப்படி ஒருவர் எங்கள் தெருமுனைக்கே வந்தார். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மைக் கைமாறிக்கொண்டே போனது. கால்வாய் அடைப்பு, தெருநாய், குடிதண்ணீர் கம்மியாக வருவது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர் வண்டிகள் வீட்டு கேட்டை மறித்து நிற்பது. எல்லாவற்றையும் அவர் உதவியாளர் எழுதிக்கொண்டார்.

எங்கள் தெருவிளக்கைப் பற்றிக் கேட்கச் சொல்லி என் கணவர் என்னை அனுப்பியிருந்தார். அவர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர். தானே எழுந்து கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தார். நான் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். நாற்பத்தைந்தைத் தாண்டியவள். போன மாதம்தான் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நடப்பது எனக்குப் பிடிக்காது. இந்த ஊரில் நடப்பதற்குக் குறைவில்லை, மலையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால் நடக்கும்போது மனம் நிற்பதில்லை. வீட்டில் உளுந்து ஊறப்போட்டோமா, திருத்த வேண்டிய பேப்பர் எத்தனை என்று அதுவும் கூடவே நடக்கும்.

மைக் கைக்கு வந்தபோது எதிரே இருந்த காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம். முள் மண்டி, இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் கொட்டிக் கிடந்தது. விளக்கைப் பற்றித் தொடங்கியவள், "இந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, பொம்பளைங்க விளையாடறதுக்குக் குடுத்தா நல்லாருக்குங்க" என்று முடித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பின்வரிசை ஆண்கள் சிரித்தார்கள். சீரியல் பார்க்க டிவி கேளுங்க டீச்சர் என்று யாரோ சொன்னார்கள். மேயர் சிரிக்கவில்லை. அது என் நினைவில் அப்படியே இருக்கிறது. பிறகு நடந்த எதையும் வைத்து அதை என்னால் அழிக்க முடியவில்லை.

"என்ன விளையாட்டும்மா?" என்றார்.

"த்ரோபாலுங்க. பள்ளிக்கூடத்துல விளையாடினது."

தானும் ஒரு காலத்தில் பூப்பந்து ஆடியவர் என்றும், முட்டி போன பிறகு விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஒரு டீமுக்கு ஏழு பேர் வேண்டுமே, சேர்வார்களா என்று கேட்டார். சேர்வோம் என்றேன். என்னைத் தவிர ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. அப்போது பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு குரல், "நான் வரேன்க்கா" என்றது.

அவள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவள். பிறந்த ஊர் அடி அண்ணாமலை. விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் செங்கம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கல்லூரி முடித்த மகளும், கல்லூரியில் படிக்கும் மகனும், மாமியாரும் வீட்டில். மளிகைக் கடையில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்று அவள் கையைத் தூக்கியபடி நின்ற உயரத்தை அப்போதுதான் கவனித்தேன்.

சொன்னதைச் செய்கிறவர்களை அதிகம் பார்த்திராத எங்களுக்கு மேயர் செய்தது பெரிய விஷயமாகத்தான் பட்டது. ஜேசிபி வந்து முள்ளைப் பிடுங்கியது. செம்மண் கொட்டி ரோலர் விட்டார்கள். கம்பம் நட்டு, வலை கட்டி, இரண்டு பெரிய விளக்கும் போட்டார்கள். திறந்துவைக்க அவரே வந்தார். முதல் பந்தை அவர் எறிந்தபோது அது வலையில் பட்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே பந்தை வாங்கி மறுபடி எறிந்தார். எங்களுக்கு டிராக் பேண்ட்டும் தளர்வான மேல்சட்டையும் கொடுத்தார். பேண்ட்டை முதலில் யாரும் போடவில்லை. சுடிதாரில்தான் ஆடினோம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஆடிப் பார்த்து, அது அவிழ்ந்து அவிழ்ந்து காலைத் தடுக்கிய பிறகு, ஒவ்வொருத்தியாகப் பேண்ட்டுக்கு மாறினோம்.

நேரம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. காலையில் எல்லா வீட்டிலும் அடுப்பு. இரவு எல்லா வீட்டிலும் கணவர்கள். கடைசியில் மாலை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் முடிப்பது என்று ஆனது. எட்டுப் பேர், சில நாள் பத்துப் பேர் வந்தோம். எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருத்தி, நர்ஸ் ஒருத்தி, மற்றவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

த்ரோபாலில் பந்தைத் தட்டக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கையால் வலைக்கு மேலே எறிய வேண்டும். கையில் வைத்திருக்க மூன்று நொடிதான். அந்த மூன்று நொடியில் உளுந்து ஞாபகம் வராது. முதல் நாள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது, ஒரு மணி நேரமாக நான் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்பது புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மணி நேரம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அடி அண்ணாமலைக்காரி எங்களைப் போல ஆடவில்லை. அவளுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. நாங்கள் பந்து வருகிற இடத்துக்கு ஓடுவோம், அவள் அங்கே முன்பே நிற்பாள். எகிறி, கை முழுக்க நீட்டி, அந்த உயரத்திலேயே பந்தைப் பிடித்து, தரைக்கு வருவதற்குள் எறிந்துவிடுவாள். எதிரே நிற்பவளுக்கு ஒதுங்கத்தான் நேரம் இருக்கும். ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். பள்ளியில் மாவட்ட டீமில் எடுத்திருந்தார்களாம். வெளியூர் போட்டிக்குப் போக அப்பா சம்மதிக்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். "அழுதியா?" என்று கேட்டேன். "எதுக்கு அழணும்? அப்ப எல்லாருக்கும் அப்படித்தானேக்கா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதைப் பற்றி அவள் அதிகம் நினைத்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு மேயர் எல்லா வார்டுகளுக்குமாகப் பெண்கள் விளையாட்டுப் போட்டி அறிவித்தார். எங்களுக்குப் பயிற்சி தர ஒரு கோச் பெண்ணை ஏற்பாடு செய்தார். அந்தப் பெண் அடி அண்ணாமலைக்காரியைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாக வந்து, இவங்க எந்தக் காலேஜ் டீம் என்று கேட்டாள். பிளஸ் டூவோடு சரி என்றேன். அவள் பந்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரு மாலை மேயர் வழியில் காரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். மறுநாள் மேயரின் ஃபேஸ்புக் பக்கத்தில் அது வந்தது. அடி அண்ணாமலைக்காரி காற்றில் இருந்தாள். கையில் பந்து, தலைமுடி பின்னால் பறக்க, மேல்சட்டை இடுப்புக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நம் ஊர்ப் பெண்களின் சக்தி என்று கீழே எழுதியிருந்தார்கள். நல்ல மனதோடு போட்டதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் அதற்கு லைக் போட்டேன்.

அதை யாரோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அதற்குக் கீழே ஆண்கள் எழுதியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியவர்களில் பாதிப் பேரின் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் கணவர் காபி கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். மகளுக்கு ஆரணிப் பக்கம் ஒரு இடம் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்ததாம். போட்டோவை அனுப்பி, பெண்ணோட அம்மாவா இது என்று கேட்டார்களாம். வேறொன்றும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. உங்களுக்கு ஒரே பையன். பொண்ணு இல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் உங்கள ஒண்ணும் சொல்லல. அந்தப் போட்டோவ மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

அவர் போன பிறகு என் கணவர், "தெருவிளக்கு கேக்கத்தானே அனுப்பினேன்" என்றார். அதை அவர் தமாஷாகத்தான் சொன்னார்.

மேயரின் உதவியாளருக்குப் போன் செய்தேன். அன்றே போட்டோ நீக்கப்பட்டது. சாயங்காலம் மேயரே என்னைக் கூப்பிட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். தானே போய் அவள் கணவரிடம் பேசுவதாகச் சொன்னார். வேண்டாங்க, அது நல்லா இருக்காது என்றேன். "இல்லம்மா, இந்த மாதிரி விஷயத்துல நாம சும்மா இருந்துட்டா அப்புறம் எவ வெளிய வருவா?" என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் என் துரதிர்ஷ்டம். இந்தக் கதையில் தப்பாக ஒன்றும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கார் அவர்கள் தெருவுக்குள் போனது. பின்னாலேயே வார்டு ஆட்கள் இரண்டு பைக்கில். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இறங்கி வந்து பார்த்தார்கள். அவள் கணவர் வாசலுக்கு ஓடிவந்து சால்வை போட்டாராம். மேயர் உள்ளே உட்கார்ந்து, உங்க வீட்டம்மா நம்ம ஊருக்கே பெருமை, அவங்கள விளையாட விடுங்க என்று சொல்லியிருக்கிறார். கணவர் கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் சரிங்க சார் என்றிருக்கிறார். மாமியார் பால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். மேயர் சந்தோஷமாகக் கிளம்பினார். கிளம்பியதும் எனக்குப் போன் செய்து, பேசிட்டேம்மா, ஒத்துக்கிட்டாரு, நல்ல மனுஷன் என்றார்.

அவள் அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நானே போனேன். கணவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் போனேன். அவள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினாள். உள்ளே ஹாலில் மாமியாரின் டிவி சத்தம்.

"வீட்ல அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லக்கா. யாரும் ஒரு வார்த்த பேசல. நான் சோறு போட்டா சாப்டுறாங்க, எழுந்து போறாங்க. எம் பொண்ணும்தான்."

மேயர் வந்து சொன்னாரே என்றேன்.

"சொன்னாரு. நல்லாதான் சொன்னாரு. சொல்லிட்டு கார்ல ஏறிப் போயிட்டாரு. நான் இங்கதானேக்கா இருக்கணும்."

உள்ளே போய் மடித்துவைத்த பேண்ட்டையும் மேல்சட்டையையும் ஒரு துணிக்கடைப் பையில் கொண்டுவந்து, கம்பிக்கு இடையில் நீட்டினாள். வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்றாள். அவள் உயரத்துக்கு எங்களில் வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

போட்டிக்கு நாங்கள் போனோம். முதல் சுற்றிலேயே தோற்றோம். நன்றாகத்தான் தோற்றோம், பந்து எங்கள் பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. பரிசளிப்பில் மேயர் பேசினார். பெண்கள் விளையாட வருவதற்கு எத்தனை தடைகள் இருக்கின்றன என்று சொன்னார். வேங்கிக்காலில் ஒரு குடும்பத்தில் தானே நேரில் போய்ப் பேசி மனதை மாற்றியதாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. எங்கள் டீமில் யாரும் தட்டவில்லை. நர்ஸ் மட்டும் என் காதில், "அவருக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி என்ன செய்வது? மறுபடியும் கார் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை. எல்.ஐ.சி.க்காரிக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது. ஒருத்தியின் மாமனாருக்கு முடியாமல் போனது. ஒருத்தி காரணம் சொல்லாமலே வருவதை நிறுத்திவிட்டாள். சொன்னதெல்லாம் நம்பக்கூடிய காரணங்கள். நாங்கள் வராத மாலைகளில் இளைஞர்கள் ஷட்டில் ஆட ஆரம்பித்தார்கள். வலையைத் தங்களுக்கு ஏற்ற உயரத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். நாங்கள் மூன்று பேர் போனால் மரியாதையாக ஒதுங்கி நின்று, முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி என்று கேட்பார்கள்.

சில மாதங்கள் கழித்து அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆரணி மாப்பிள்ளைதான். பேச்சு எப்படித் திரும்பக் கூடியது என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையை எங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து குங்குமம் வைத்துக் கொடுக்கவில்லை. போக வேண்டாம் என்று கணவர் சொன்னார். நான் போனேன்.

ரிசப்ஷனில் கூட்டம் நிறைந்திருந்தது. திடீரென்று வாசலில் பரபரப்பு. மேயர் வந்தார். அவள் கணவர் மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் அழைத்துவந்தார். சம்பந்தி வீட்டாரிடம் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். நம்ம வீட்டுக்கு வந்து பால் சாப்பிட்டிருக்காரு என்று அவர் சொல்வது மைக்கில்லாமலே எனக்குக் கேட்டது. போட்டோவை அனுப்பிக் கேட்ட அந்த ஆரணிக்காரர்கள் மேயருக்குப் பக்கத்தில் இடம்பிடிக்க ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். மேயர் அவளைப் பார்த்து, "விளையாட்டெல்லாம் எப்படிம்மா போவுது?" என்று கேட்டார். "போய்ட்டுதான் இருக்காங்க சார்" என்றார் கணவர். அவள் பட்டுப்புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்துச் சிரித்தாள். மேயருக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் நின்றேன். அவள் அங்கே வந்தாள். என்னைத் தேடித்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். பாயசம் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, "எம்மேல கோவமா?" என்று நானே கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி.

"கோவந்தாங்கக்கா" என்றாள். வழக்கத்துக்கு மாறாக 'ங்க' சேர்ந்திருந்தது. "பள்ளிக்கூடத்துல விட்டப்ப எனக்கு அது ஒண்ணுமில்ல. மறந்தே போயிட்டேன். நீங்க அன்னிக்கு எழுந்து கேக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும். இப்ப சாயங்காலம் ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வரேன் என்று குரல் கொடுத்துவிட்டு, எனக்குத் தாம்பூலப் பை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

மேயர் இப்போது வேறு இரண்டு வார்டுகளிலும் பெண்களுக்கென்று கோர்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். திறப்பு விழாவுக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். முன்னோடி என்று சொல்லி மேடையில் உட்காரவைப்பார்களாம். நல்ல மனிதர். மண்ணும் கம்பமும் விளக்கும் அவரால் தர முடியும், தருகிறார். அதற்கு மேல் எங்களுக்கு வேண்டியது அவர் கையில் இல்லை, யாரிடம் போய் மைக் பிடித்துக் கேட்பது என்றும் தெரியவில்லை. வருவதாகச் சொல்லி போனை வைத்தேன். டாக்டர் சொன்னபடி இப்போது நடக்கிறேன்.